அரியக்குடி விளக்கு... பாம்பன் துரு!

“கேர்ள்ஸ் வேண்டாம்மா. படகுல போகணும், பார்ஜுல ஏறணும். அங்க டாய்லெட்டெல்லாம் கிடையாது.”

ஒரு துறைமுகக் கட்டுமான சைட்டில் லீவுக்கு இன்டர்ன்ஷிப் கேட்டபோது போனில் வந்த பதில் இது. எந்த சைட், எந்த கம்பெனி என்பதெல்லாம் வேண்டாம், விடுங்கள். அதே சைட்டில் என் வகுப்புப் பையன்கள் ரெண்டு பேருக்கு இடம் கிடைத்தது. ரெண்டு பேருக்குமே நீச்சல் தெரியாது. எனக்குத் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்!

ஹாஸ்டலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவளை, “வாடி, எங்க ஊருக்குப் போயிட்டு வரலாம். அப்பத்தா கையால சாப்பிட்டா எல்லாம் சரியாயிடும்” என்று இழுத்துக்கொண்டு போனாள் ரூம்மேட். அவளுக்கு ஊர் அரியக்குடி. எழும்பூரில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் ராத்திரி காரைக்குடி. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் ஊர். காலையில் எழுந்து வெளியே வந்தால் செம்மண், வெயில், கருவேலங்காடு. கடல்? வாசனைக்குக்கூடக் கிடையாது.

“கோஸ்டல் இன்ஜினீயர் ஆகணும்னு புலம்புறவளைக் கூட்டிட்டு வர்ற இடமாடி இது?” என்றேன்.

“மூணு நாள் இருந்து பாரு, அப்புறம் பேசு” என்றாள்.

அரியக்குடி என்றால் பாட்டுப் பைத்தியங்களுக்கு ராமானுஜ ஐயங்கார்தான். 1890-ல் இங்கே பிறந்தவர். இன்றைக்குக் கர்நாடக சங்கீதக் கச்சேரி எந்த வரிசையில் நடக்கிறதோ, அந்த வடிவத்தைப் போட்டுக்கொடுத்தவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். பக்தர்களுக்குத் திருவேங்கடமுடையான் கோயில், ‘தென் திருப்பதி’. கல்யாணச் சீர் வாங்குகிறவர்களுக்கு அரியக்குடி விளக்கு. மூன்றிலும் கடல் இல்லை என்று நினைத்தேன். தப்பு, பாஸ்!

வீட்டுக்குள் நுழையும்போதே அது ஆரம்பித்துவிட்டது. தெருவிலிருந்து படி ஏறி, இன்னும் ஏறி, முகப்புக்கு வந்தால் மூச்சு வாங்குகிறது. அவ்வளவு உயரத்தில் தரை. உள்ளே வளவு, சுற்றிலும் பர்மா தேக்குத் தூண்கள். ஒரு தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தேன், கை எட்டவில்லை.

அப்பத்தாவுக்கு எண்பது தாண்டியிருக்கும். “என்ன ஆத்தா படிக்கிறே?” என்றார்.

“சிவில், அப்பத்தா. மேல படிச்சு, கடலோரத்துல தடுப்புச் சுவர், துறைமுகம், பாலம்னு கட்டுற வேலைக்குப் போகணும்னு ஆசை.”

“கடல் வேலையா? அப்ப சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கே. இந்த வீட்டுக்குத் தரை ஏன் இவ்வளவு ஒசரம்னு நெனைக்கிறே? நாங்க பூம்புகார்ல இருந்து வந்தவுக. கடல் ஊருக்குள்ள வந்து எல்லாத்தையும் கொண்டு போயிருச்சு. அதுக்கப்புறம் இங்கிட்டு வந்தும் அந்தப் பயம் போகலை. தண்ணி வந்தாலும் வீட்டுக்குள்ள ஏறக் கூடாதுன்னு ஒசத்திக் கட்டிப்புட்டாக.”

இது நகரத்தார் வீடுகளில் வழிவழியாகச் சொல்லிக்கொண்டு வருகிற கதை. கல்வெட்டு ஆதாரம் கேட்கிற ஆசாமிகள் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். எனக்கு என்ன தோன்றியது என்றால், புயல் வந்தால் கடல்மட்டம் எவ்வளவு உயரும், அதற்கு மேல் எத்தனை அடி விட்டுத் தரையைப் போட வேண்டும் என்பதுதான் கடலோரப் பொறியியலில் முதல் கணக்கு. அதைக் கடலிலிருந்து இத்தனை மைல் தள்ளி, செம்மண் பூமியில் ஒரு பாட்டி எனக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார்!

அந்தத் தேக்கு வந்த கதையும் கடல்தான். “எங்க மாமனார் ரங்கூனுக்குக் கொண்டுவிக்கப் போனாக. போனா வருஷக் கணக்குத்தான். மாமியார் இங்க வீடு, வயல், கணக்கு எல்லாம் பார்த்துக்கிட்டாக” என்றார் அப்பத்தா. ‘கொண்டுவிக்கப் போவது’ என்றால் கடல் கடந்து வியாபாரத்துக்குப் போவது. என்ன ஒரு வார்த்தை!

“நீங்க கப்பல்ல போயிருக்கீங்களா, அப்பத்தா?”

“நானா? கடலைப் பார்த்ததே கல்யாணத்துக்கு அப்புறம், ராமேஸ்வரத்துல. பொம்பளைக கப்பலேறுற வழக்கம் அப்ப இல்லை ஆத்தா.”

தலைக்கு மேல் கடல் வழியாக வந்த உத்தரம், சாய்ந்திருப்பது கடல் வழியாக வந்த தூண். அதற்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்குக் கடலைப் பார்க்கவே கல்யாணம் ஆக வேண்டியிருந்தது. எனக்கு உடனே அந்த போன்கால் ஞாபகம் வந்துவிட்டது. அப்போது வழக்கம் இல்லை என்றார்கள், இப்போது டாய்லெட் இல்லை என்கிறார்கள்.

மறுநாள் விளக்குப் பட்டறை. குத்துவிளக்கு ஒரே துண்டாக வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அடி, தண்டு, தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைசல் பிடித்து, திருகி இணைக்கிறார்கள். பட்டறைக்காரரிடம், “கடலோர ஊர்ல இருந்து வாங்குறவங்க ஏதாச்சும் கம்ப்ளைன்ட் சொல்வாங்களா அண்ணே?” என்று கேட்டேன்.

“சொல்லாம? ராமேஸ்வரம் பக்கம் கொண்டு போனவுக, புளி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சே கை ஓயுதுங்குறாக. நம்ம ஊர்ல ஒரு மாசம் மின்னுறது அங்க ஒரு வாரம்கூட நிக்க மாட்டேங்குதாம்.”

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்புக் காற்று பட்டால் மேலே கறுத்துப்போவதோடு நின்றுவிடும், தேய்த்தால் வந்துவிடும். ஆனால், கடல் தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் கதை வேறு. துத்தநாகம் மட்டும் கரைந்து வெளியேற, பார்க்க அதே வடிவத்தில், உள்ளே பஞ்சு மாதிரி பொறபொறவென்று சிவப்பாகச் செம்பு மட்டும் மிஞ்சும். கையால் தட்டினால் உடையும். இதற்காகவே கப்பலுக்குச் செய்கிற பித்தளையில் நூற்றுக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்க்கிறார்கள். இதை நான் சொன்னதும் பட்டறைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஒரே ஒரு பங்குதானா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கிறவருக்கு எம்.டெக். சீட்டே கொடுக்கலாம்.

பித்தளைக்கே இந்த கதி என்றால் இரும்பு? அதைத் தெரிந்துகொள்ள அரியக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம்தான். காரைக்குடியில் இருக்கிறது சிக்ரி எனப்படும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம். பக்கத்துக் கோட்டையூர்க்காரரான வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த இடம். இந்தியாவில் எந்த ஊர்க் காற்று இரும்பை எவ்வளவு வேகமாகத் தின்கிறது என்று வரைபடமே போட்டவர்கள் இவர்கள். ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கிற மண்டபத்தில் இரும்புத் தகடுகளை உப்புக் காற்றில் வைத்து, மாதக் கணக்கில் காத்திருந்து எடை போட்டுப் பார்த்தவர்கள். எடை குறைந்தால் அவ்வளவு இரும்பு துருவாகப் போய்விட்டது என்று அர்த்தம். கேட்டால் சப்பென்று இருக்கும். ஆனால், அந்தத் தகட்டின் எடையில்தான் பாம்பன் பாலத்தின் ஆயுசு இருக்கிறது.

பாம்பனை நம்மில் பாதிப் பேர் செல்ஃபி எடுக்கிற இடமாகத்தான் பார்க்கிறோம். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலம், உலகத்திலேயே மிக மோசமாகத் துரு ஏறுகிற இடங்களில் ஒன்றில் நின்றது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனபோது இந்தப் பாலமும் சிதைந்தது. அதை 46 நாளில் நிமிர்த்தியது அன்றைக்கு இளம் இன்ஜினீயராக இருந்த இ.ஸ்ரீதரன் தலைமையிலான டீம். புயலையே தாங்கி எழுந்த பாலத்தைக் கடைசியில் படுக்கவைத்தது, சத்தமே போடாத துரு. 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6-ல் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தது. நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக மேலே எழும்பும், இந்தியாவில் இப்படி முதல் கடல் பாலம். அதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, விசேஷ பெயின்ட் என்று முன்ஜாக்கிரதையெல்லாம் பலம்.

கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பிக்கு என்ன பயம் என்று நீங்கள் கேட்கலாம். சிமென்ட்டின் காரத்தன்மையால் கம்பியின் மேல் மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்று உருவாகும். உப்பில் இருக்கிற குளோரைடு மெதுவாக உள்ளே இறங்கி அந்தப் படலத்தை உடைக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். உள்ளேயிருந்து நெட்டித் தள்ள, கான்கிரீட் வெடிக்கும். கடலோர ஊர்களில் பால்கனிக் காரை பெயர்ந்து கம்பி பல்லைக் காட்டுவது இப்படித்தான். கம்பிக்குத் தடுப்பானோடு சிமென்ட் குழம்பு பூசும் முறை ஒன்றையும் சிக்ரி கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது.

சரி, இதில் பெண்கள் எங்கே என்றால், சிக்ரியின் தலைமை நாற்காலியில்! 2019-ல் அதன் முதல் பெண் இயக்குநரானார் முனைவர் ந.கலைச்செல்வி. அம்பாசமுத்திரத்துக்காரர், பள்ளிப் படிப்பு தமிழ் மீடியம், ஆராய்ச்சி லித்தியம் பேட்டரியில். அதே சிக்ரியில் ஆரம்ப நிலை விஞ்ஞானியாகச் சேர்ந்தவர். 2022-ல் சி.எஸ்.ஐ.ஆர். என்ற மொத்த அமைப்புக்கும் தலைமை இயக்குநர் ஆனார். 1942-ல் ஆரம்பித்த அமைப்புக்கு முதல் பெண் தலைவர் வர 80 வருஷம் ஆகியிருக்கிறது. சந்தோஷப்படுவதா, பெருமூச்சு விடுவதா என்று தெரியவில்லை. நான் ரெண்டையும் செய்தேன்.

மூன்றாம் நாள், “அசல் கடலையே பார்த்துட்டு வருவோம்” என்று தொண்டிக்குப் பஸ் ஏறினோம். தேவகோட்டை, திருவாடானை கோபுரம், வறண்ட கண்மாய்கள், அப்புறம் பனை மரங்கள். காற்றில் ஈரம் தட்டும்போது தொண்டி. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இங்கேதான் இருக்கிறது. ஆமாம், செட்டிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கடலோரத்தில் ஒரு வளாகம்! நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பாக் நீரிணை மெரினா மாதிரி இல்லை. அலை என்று சொல்வதே அதிகம், ஏரி மாதிரி தளும்பிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்தான். அடியில் கடல்புல் மேய்ச்சல் நிலம். அதை மேய்கிற ஆவுளியாவைக் காப்பாற்றத்தான் 2022-ல் கொஞ்சம் வடக்கே, தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள். அமைதியாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். வாடைக் காற்று மாதங்களில் இதே தண்ணீர் கரையைக் கடிக்கும்.

இந்தக் கடிதான் கடலோரப் பொறியியலின் தலைவலி. 1990-லிருந்து 2018 வரைக்குமான செயற்கைக்கோள் படங்களை வைத்து சென்னையில் இருக்கிற தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் போட்ட கணக்குப்படி, இந்தியக் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரித்துக்கொண்டிருக்கிறது. ஒரு இடத்தில் தூண்டில் வளைவு போட்டால் அங்கே மணல் சேரும், பக்கத்து ஊரில் மணல் காணாமல் போகும். சென்னைத் துறைமுகச் சுவரால் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. நமக்கு பீச் கிடைத்த அதே கணக்கில் அங்கே வீடுகள் போயிருக்கின்றன. அதனால், கல்லைக் கொட்டுவதற்கு முன்னால் மணல் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று யாராவது நின்று அளக்க வேண்டும்.

அப்படி அளந்துகொண்டிருந்த ஒருவரைத்தான் கரையில் பார்த்தோம். பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டு, பி.வி.சி. குழாயை மண்ணில் இறக்கி, உருவி, பிளாஸ்டிக் கவரில் போட்டு நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். பிஎச்.டி. பண்ணுகிற அக்கா. “பேரு போடாதே, எங்க படிக்கிறேன்னும் போடாதே, மத்தது என்ன வேணா கேளு” என்றார். நான் கேட்ட முதல் கேள்வி என்னவாக இருக்கும்? டாய்லெட்தான்.

சிரித்தார். “முதல் வருஷம் என்ன பண்ணேன் தெரியுமா? ஃபீல்டு நாள்ல தண்ணியே குடிக்க மாட்டேன். விடிகாலைல கிளம்பினா மதியம் வரைக்கும். யூரினரி இன்ஃபெக்‌ஷன் வந்து பத்து நாள் படுத்தேன். வத்தம் நமக்காகக் காத்திருக்குமா? அந்த மாசத்து சாம்பிள் போச்சு. கூட வந்த பசங்க யாருக்கும் இது ஒரு விஷயம்னே தெரியலை. அவங்களைக் குத்தம் சொல்லலை, நான்தான் சொல்லலையே. அப்புறம் ஃபீல்டு லிஸ்ட்ல ஜி.பி.எஸ்., லைஃப் ஜாக்கெட், கவர்னு எழுதுறப்ப கூடவே ‘மடக்குக் கூடாரம் ஒன்று’ன்னு எழுதினேன். கேள்வி கேக்காம பாஸ் ஆயிடுச்சு. வெறும் ஒரு வரி! அதுக்கு நான் ஒரு வருஷம் தண்ணி குடிக்காம இருந்திருக்கேன்.”

எனக்குச் சுளீர் என்றது. பார்ஜில் டாய்லெட் இல்லை என்றால் அது கடலின் குணம் மாதிரி, அலை மாதிரி, மாற்ற முடியாத ஒன்று மாதிரி நானும் கேட்டுக்கொண்டு போனை வைத்துவிட்டேனே!

சிவில் படித்துவிட்டுக் கடலுக்குப் போன பூர்ணிமா ஜாலிஹால் பற்றி அக்காதான் சொன்னார். சென்னையில் இருக்கிற தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தில் விஞ்ஞானியாக வேலை பார்த்தவர். 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில் தினம் ஒரு லட்சம் லிட்டர் குடிதண்ணீர் தருகிற நிலையத்தை அமைத்த திட்டத்தில் முக்கியப் பங்கு அவருக்கு. மேலே இருக்கிற வெதுவெதுப்பான கடல்நீரை அழுத்தம் குறைந்த கலனுக்குள் விட்டால் கொதிக்க வைக்காமலே ஆவியாகும். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாயில் இழுக்கிற குளிர்ந்த நீர் அந்த ஆவியைத் தண்ணீராக்கிவிடும். தத்துவம் ரெண்டே வரி. அந்தக் குழாயைக் கடலில் இறக்கி நிறுத்துவதுதான் பொறியியல்.

“இவங்களுக்கெல்லாம் முன்னாடியே பாம்பன் சின்னப்பாலத்துப் பொம்பளைங்க பாசி எடுக்க மூழ்கிட்டுத்தான் இருக்காங்க. அவங்கள்ல லட்சுமி மூர்த்திங்கிறவங்களுக்கு 2015-ல சீகாலஜி விருது கிடைச்சது. பொம்பளைக்குக் கடல் ஒத்துவராதுன்னு அவங்ககிட்ட போய்ச் சொல்லச் சொல்லு பார்ப்போம்” என்றார் அக்கா, குழாயைக் கழுவிக்கொண்டே.

திரும்பி வரும்போது பஸ்ஸில், அக்கா போனில் அனுப்பிய ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்தேன். 2016-ல் சிட்னியில் ‘விமன் இன் கோஸ்டல் ஜியோசயின்ஸ் அண்ட் இன்ஜினீயரிங்’ என்று ஓர் அமைப்பை ஆரம்பித்தார்கள். அவர்கள் 2018-ல் வெளியிட்டது. உலக அளவில் இந்தத் துறையில் பெண்கள் 30 சதவிகிதம். ஆனால், ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுக்களில் 15, மாநாடு நடத்துகிறவர்களில் 18 சதவிகிதம்தான். 314 பேரிடம் கருத்துக் கேட்டதில், பெண் என்பதாலேயே பின்னுக்குத் தள்ளப்பட்டதாகச் சொன்ன பெண்கள் 47 சதவிகிதம். ஆண்களில் அப்படிச் சொன்னவர்கள் 9. முன்மாதிரிப் பெண்கள் கண்ணில் படாததே பெரிய தடை என்றவர்கள் 81 சதவிகிதம். ஆக, சிட்னிக்காரிக்கும் நமக்கும் ஒரே கடுப்புதான்!

ஆனால், அதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறு ஒரு விஷயம். பொறுப்புகளுக்கு ஆளை இவர்களாகக் கூப்பிட்டுப் போடுகிற இடங்களில்தான் இடைவெளி அதிகம். ‘இதுதான் வழி, விருப்பம் உள்ளவர்கள் நீங்களே பெயர் கொடுங்கள்’ என்று வெளிப்படையாக அறிவிக்கிற இடங்களில் அது குறைகிறது. யோசித்துப் பார்த்தால் நம் டிபார்ட்மென்ட்டுகளில் சைட் விசிட்டுக்கு ஆள் எடுப்பது எப்படி? நோட்டீஸ் போர்டில் வராது. “டேய் தம்பி, நீ ஃப்ரீயா இருக்கியா?” என்று காரிடாரில் முடிந்துவிடும். அந்த இரண்டு பையன்களுக்கும் அப்படித்தான் கிடைத்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, காரிடாரில் நின்றிருந்தார்கள். அவ்வளவுதான்.

ராத்திரி வளவில் உட்கார்ந்து அந்தத் துறைமுக சைட்டுக்கே மறுபடி மெயில் அடிக்க ஆரம்பித்தேன். கெஞ்சல் எல்லாம் இல்லை. எனக்கு நீச்சல் தெரியும், இவ்வளவு தூரம் நீந்துவேன். பார்ஜில் ஒரு ஷிஃப்ட் எத்தனை மணி நேரம்? கரைக்கு எத்தனை முறை படகு வரும்? லைஃப் ஜாக்கெட் எத்தனை? மடக்குக் கூடாரம் ஒன்று வைக்க இடம் இருக்குமா? இல்லையென்றால் கரையில் நடக்கிற மணல் அளவை வேலையில் சேர்த்துக்கொள்ள முடியுமா? அடுத்த முறை இன்டர்ன்ஷிப்பைக் கல்லூரி நோட்டீஸ் போர்டுக்கும் அனுப்புவீர்களா?

“ராத்திரியில என்ன ஆத்தா அப்படி எழுதுறே?” என்று வந்தார் அப்பத்தா. விஷயத்தைச் சொன்னேன். டாய்லெட் சமாசாரம் வரைக்கும். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டவர், நான் முடித்ததும் அதை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“எங்க மாமனார் ரங்கூனுக்கு நாள் கணக்காக் கப்பல்ல போனாக. அத்தனை நாளும் அடக்கிக்கிட்டா போனாக? அதுல கட்டியிருந்தாகள்ல... இதுல கட்டுறதுக்கு என்னவாம்?”

ரூம்மேட் சிரித்த சிரிப்பில் தூணில் சாய்ந்திருந்த பூனை எழுந்து ஓடிவிட்டது. அந்த வாக்கியத்தை அப்படியே மெயிலில் சேர்க்கலாமா என்று ஐந்து நிமிஷம் யோசித்தேன். சேர்க்கவில்லை. மற்றதையெல்லாம் எழுதி, அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஊருக்குக் கிளம்பும்போது அப்பத்தா வாசல் வரை வந்தார். அந்த உயரமான படியில் நின்றுகொண்டு கேட்டார்:

“அந்தத் தொண்டிக்கு பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு சொன்னே?”